கிளெமாட்டிஸ் கொடிக்குக் கவாத்து: எதை எப்போது, எவ்வளவு வெட்டுவது?

கொடிவீடு
வணக்கம். சுவரோரம் மூன்று கிளெமாட்டிஸ் கொடிகள் இருக்கின்றன. ஒன்று மொண்டானா, ஒன்று நெல்லி மோசர். மூன்றாவதில் பெயர்ச்சீட்டு இல்லை. கருநீலம் கலந்த ஊதாப் பூ, கோடை நடுவில் பூத்தது. மூன்றிலும் கீழ்ப்பகுதி வெறும் குச்சி, இலையும் பூவும் உச்சியில்தான். குளிர்காலம் முடியப்போகிறது. மூன்றையும் முழங்கால் உயரத்துக்கு ஒரே வாக்கில் வெட்டிவிடலாமா?

இலைக்காம்பு
வேண்டாங்க. கத்தரியைக் கீழே வைங்க முதல்ல. இந்த மூணும் மூணு விதமான கொடி.

மொண்டானா போன வருஷம் வளர்ந்த தண்டுலதான் பூக்கும். வசந்தத்துல விரியப்போற பூ மொக்கு இப்பவே அந்தக் கணுக்கள்ல உட்கார்ந்திருக்கு. இப்ப முழங்கால் உயரத்துக்கு வெட்டினா இந்த வருஷப் பூ மொத்தமும் போயிடும். நெல்லி மோசர் ரெண்டு தரம் பூக்கும்: கோடை தொடக்கத்துல வர்ற பெரிய பூ பழைய தண்டுலேர்ந்து கிளைக்கிற குட்டைத் தளிர்ல வரும், கோடைக் கடைசியில வர்றது புதுத் தளிர் நுனியில. ஊதாக் கொடி நீங்க சொல்றதப் பாத்தா ஜாக்மனியை வகையா இருக்கலாம். அது முழுக்க முழுக்கப் புதுத் தண்டுல பூக்கிற ஜாதி. நீங்க நினைச்ச கவாத்து அந்த ஒண்ணுக்கு மட்டும் சரி.

மண்வாசம்
இலைக்காம்பு சொன்னதற்கு மேலும் கொஞ்சம் விவரம்.

முதல் பிரிவு: மொண்டானா, அல்பைனா, மேக்ரோபெட்டலா, ஆர்மண்டி. வசந்தத்திலோ அதற்கும் முன்போ பூப்பவை. பூத்து முடிந்தவுடன் வெட்ட வேண்டும், அதுவும் இடம் போதாவிட்டால் மட்டும். பூ உதிர்ந்து ஒரு மாதத்துக்குள் வேலையை முடித்துவிட்டால், அதற்குப் பின் வளரும் தண்டு முற்றி அடுத்த ஆண்டுக்கு மொக்கு பிடிக்க அவகாசம் கிடைக்கும். கோடைக் கடைசியில் வெட்டினால் அந்த அவகாசம் இல்லை.

இரண்டாம் பிரிவு: நெல்லி மோசர், தி பிரசிடென்ட் போன்ற பெரிய பூ ஒட்டினங்கள் (கலப்பினங்கள்). மொக்கு வீங்கத் தொடங்கும் குளிர்காலக் கடைசியில் லேசான கவாத்து, முதல் பூ முடிந்ததும் இன்னொரு லேசான கவாத்து.

மூன்றாம் பிரிவு: ஜாக்மனியை, விட்டிசெல்லா இனங்கள், டெக்சென்சிஸ், டாங்குட்டிக்கா. குளிர்காலக் கடைசியில் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், கீழேயுள்ள நல்ல மொக்கு ஜோடிக்கு மேல், எல்லாத் தண்டையும் வெட்டிவிடலாம்.

ஜாக்மனியை 1860களில் இங்கிலாந்தின் வோக்கிங்கில் ஜாக்மன் நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த கலப்பினம். அதன் பெற்றோர் வழியில் விட்டிசெல்லா உண்டு. புதுத் தண்டில் பூக்கும் குணம் அங்கிருந்து வந்ததுதான். நெல்லி மோசர் 1897இல் பிரான்சில் வெளியானது. அதன் வழி வேறு. பூவின் அளவைப் பார்த்துப் பிரிவை முடிவு செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டுமே பெரிய பூதான், கவாத்து மட்டும் எதிரெதிர்.

கொடிவீடு
ஊதா நிச்சயம் மூன்றாம் பிரிவுதான் என்று எப்படி உறுதி செய்வது? தவறாக வெட்டிவிட்டால் செடி போய்விடுமா?

மண்வாசம்
போகாது. இரண்டாம் பிரிவை அடியோடு வெட்டினால் கோடைத் தொடக்கப் பூ இல்லாமல் போகும், பிந்திய பூ வரும். மூன்றாம் பிரிவை வெட்டாமல் விட்டால் போன ஆண்டுத் தண்டின் உச்சியிலிருந்து வளர்ச்சி தொடங்கிப் பூ இன்னும் மேலே ஏறும். உண்மையான ஆபத்து முதிர்ந்த மொண்டானாவில்தான். கைத்தடி கனத்துக்கு மரமாகிவிட்ட அடித்தண்டை வெட்டினால் அதிலிருந்து புதுத் துளிர் வராமலே போகலாம்.

உறுதி செய்ய இப்போதே கொடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மூன்றாம் பிரிவில் மேல்தண்டு பெரும்பாலும் காய்ந்து, கையில் ஒடித்தால் சட்டென்று முறியும். அடியில் ஓரிரண்டு சாண் உயரத்துக்குள் தடித்த மொக்குகள் இருக்கும். இரண்டாம் பிரிவில் மேல்பகுதியிலும் கணுவுக்குக் கணு எதிரெதிராக ஜோடி மொக்குகள் உயிரோடு வீங்கியிருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் இந்த ஆண்டு காய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு விடுங்கள். கோடையில் பூ எங்கே வருகிறது என்று பாருங்கள். பழுப்புத் தண்டிலிருந்து கிளைத்த குட்டைத் தளிரில் வந்தால் இரண்டாம் பிரிவு. அடியிலிருந்து எழுந்த நீளமான பச்சைத் தண்டின் மேற்பகுதியில் கொத்தாக வந்தால் மூன்றாம் பிரிவு.

இலைக்காம்பு
ஒரு எச்சரிக்கை. கிளெமாட்டிஸ் தண்டு குளிர்காலத்துல பாக்கறதுக்குச் செத்த மாதிரியேதான் இருக்கும். சணல் கயிறு கனம், வைக்கோல் நிறம், பட்டை நார் நாரா உரிஞ்சு தொங்கும். நிறத்தை மட்டும் பார்த்து வெட்டிடாதீங்க. நகத்தால லேசாச் சுரண்டுங்க. உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. பச்சை தெரியலைன்னா ஒரு கணு கீழே இறங்கிச் சுரண்டுங்க.

நெல்லி மோசருக்கு வேலையை உச்சியிலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு தண்டைப் பிடிச்சு, நுனியிலேர்ந்து கீழே வாங்க. முதல்ல வர்ற மொக்கெல்லாம் ஒல்லியா, காஞ்சு போய் இருக்கும். இறங்கி வர வர, ஒரு இடத்துல கணுவுக்கு ரெண்டு பக்கமும் கோதுமை மணி கனத்துக்கு, பச்சையும் சிவப்பும் கலந்த மொக்கு ஜோடி வரும். அதுக்கு மேலே ஒரு செ.மீ.க்குள்ள வெட்டுங்க. மொக்கு எதிரெதிரா இருக்கறதால சாய்வா வெட்டத் தேவையில்லை, நேர் வெட்டு போதும். சாய்வா வெட்டினா ஒரு பக்க மொக்குக்கு ரொம்பக் கிட்டப் போயிடும். அடுத்த தண்டு, அதே மாதிரி.

வெட்டின துண்டை இழுக்காதீங்க. இதுதான் எல்லாரும் பண்ற தப்பு. இந்தக் கொடி இலைக்காம்பால சுத்திப் பிடிச்சு ஏறுது. காஞ்ச காம்பு கம்பி மாதிரி இறுகி, பக்கத்து உயிர்த் தண்டையும் சேத்துப் பிடிச்சிருக்கும். இழுத்தா வீங்கின மொக்கு படபடன்னு உதிர்ந்துரும். காம்பைச் சின்னக் கத்தரியால நறுக்கி, துண்டு துண்டா எடுங்க. கையுறை போட்டுக்கங்க, இதோட சாறு தோல்ல பட்டா சிலருக்குக் கொப்புளம் வரும். நாய், பூனை மெல்லாத இடத்துல கழிவைப் போடுங்க.

மூடாக்கு
நெல்லி மோசரை இப்படி உச்சியில் மட்டும் வருடாவருடம் நறுக்கினால் கொடிவீடு கேட்ட முதல் பிரச்சினை தீராது. அடிப்பகுதி வெறுமையாகவே இருக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதையும் 40 செ.மீ. உயரத்துக்கு முழுசாக வெட்டிவிடலாம் என்பது என் கருத்து. ஒரு தரம் முதல் பூ போகும், போனால் போகட்டும். அடியிலிருந்து புதுத் தண்டுகள் எழும்.

மண்வாசம்
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கோடையின் நல்ல பூவை முழுசாக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மேலும், வலுவில்லாத செடியை ஒரே தடவையில் முழுதும் வெட்டினால் அந்த ஆண்டு திணறும். தண்டுகளைப் பிரித்துக்கொள்ளலாம். மொத்தம் ஆறு தண்டு இருந்தால் இந்த ஆண்டு இரண்டை மட்டும் 30 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள், மற்ற நான்கில் இலைக்காம்பு சொன்ன லேசான கவாத்து. அடுத்த ஆண்டு வேறு இரண்டு. மூன்று ஆண்டில் கொடி முழுதும் புதுப்பிக்கப்பட்டுவிடும், ஒரு ஆண்டும் பூ நிற்காது.

மூடாக்கு
தண்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால் அது நல்ல முறைதான். பல ஆண்டு கவாத்தே பார்க்காமல் தூக்கணாங்குருவிக் கூடு போலச் சிக்கிக் கிடக்கும் கொடியில் எந்தத் தண்டு எங்கே போகிறது என்று தேடுவதற்குள் பாதி மொக்கு உதிர்ந்துவிடும். அங்கே முழு வெட்டுதான் வழி. வெட்டிய ஆண்டு உரமும் தண்ணீரும் தவறக்கூடாது.

மண்வாசம்
சிக்கிய கொடிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பூ முடிந்த பின் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பூத்த தண்டுகளில் சுமார் பாதியை மட்டும் தேர்ந்து, வாடிய பூவிலிருந்து 30 முதல் 45 செ.மீ. கீழே, நல்ல இலைக்கணுவுக்கு மேல் வெட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் புதுத் தளிரில் இரண்டாம் பூ வரும், முதல் பூவைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். வெட்டாத பாதியில் பட்டுநூல் போன்ற விதைக்கொத்து நிற்கும், அதுவும் அழகுதான். முழுவதையும் வெட்டினால் வெயில் உச்சத்தில் செடிக்கு இலை குறைந்துபோகும்.

புதுநாற்று
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இன்னும் நடவே இல்லை, தொட்டியில் வாங்கிய இளஞ்செடி இரண்டு இருக்கின்றன. 'ஆழமாக நடு' என்கிறார்கள், மற்ற எந்தச் செடியையும் அப்படி நட்டால் அழுகும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

மூடாக்கு
இரண்டும் சரி, இனத்தைப் பொறுத்தது.

பெரிய பூ ஒட்டினங்களை, தொட்டியில் இருந்ததைவிட 5 முதல் 8 செ.மீ. ஆழமாக நட வேண்டும். மண்ணுக்குள் புதைந்த கணுக்களில் உறங்கும் மொக்குகள் இருக்கும். வாடல் நோயிலோ, நத்தை கடித்தோ, யாராவது மிதித்தோ மேல்தண்டு போனாலும் அங்கிருந்து துளிர்க்கும். மொண்டானா, அல்பைனா, ஆர்மண்டி இவற்றுக்கு அந்த ஆழம் வேண்டாம்; தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நட்டால் போதும், ஈரமான மண்ணில் ஆழமாக நட்டால் தண்டு அழுகலாம்.

குழி 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். தோண்டிய மண்ணில் நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றில் ஒரு பங்கு கலக்கவும். மக்காத சாணம் அடித்தண்டில் பட்டால் சூட்டில் வெந்துபோகும். குழியைச் சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ., முடிந்தால் 45 செ.மீ. தள்ளி எடுங்கள். சுவரடி மண்ணில் மழையே விழாது, அஸ்திவாரம் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். செடியைச் சுவர் பக்கம் சாய்த்து நட்டு, ஒரு மூங்கில் குச்சியைப் பாலம் போல வைத்தால் கொடி தானாகப் போய்ச் சேரும். நடுவதற்கு முன் தொட்டியோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை மூழ்க வைக்க மறக்காதீர்கள். வேர் சதைப்பற்றாக, தடித்த நூடுல்ஸ் கனத்தில் இருக்கும், ஒடிந்தால் மெல்லத்தான் தேறும். அதனால் வேர்க்கட்டியைப் பிரித்துவிட வேண்டாம்.

சுண்ணாம்பு போட வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். தேவையில்லை. நடுநிலையை ஒட்டிய மண், சற்று அமிலமோ சற்றுக் காரமோ, இரண்டிலும் வளரும். தண்ணீர் தேங்காமல் இருப்பது அதைவிடப் பல மடங்கு முக்கியம்.

இலைக்காம்பு
புதுநாற்று, முதல் குளிர்காலக் கடைசியில மட்டும் எந்தப் பிரிவா இருந்தாலும் 30 செ.மீ.க்கு வெட்டிடுங்க. மனசு வராதுதான். ஆனா இளஞ்செடி ஒத்தைத் தண்டா மேலே ஓடும். அடியில வெட்டினாத்தான் நாலஞ்சு தண்டா பிரியும். கொடிவீட்டோட மூணு கொடியும் அடியில மொட்டையா நிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ரெண்டாவது வருஷத்துலேர்ந்து அதது பிரிவுப்படி.

பந்தலைப் பத்தியும் சொல்லிடறேன். இலைக்காம்பு சுத்திப் பிடிக்க, பென்சில் கனம் அல்லது அதுக்கும் கம்மியா ஏதாவது வேணும். தடிச்ச மரத்தூணைக் காட்டினா பிடிக்கத் தெரியாம சரிஞ்சு விழும். சுவருக்கு முன்னாடி 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விட்டு, 30 செ.மீ.க்கு ஒரு கிடைக்கம்பி கட்டி, அதுல செங்குத்தாவும் கம்பி ஓட்டுங்க. தளிர் வர்ற காலத்துல வாரத்துக்கு ரெண்டு தரம் போய், மேலே ஓடறதப் பக்கவாட்டுல விசிறி மாதிரி வளைச்சுக் கட்டணும். கிடையா வளைச்ச தண்டுல கணுவுக்குக் கணு தளிர் கிளம்பும், கீழேயிருந்தே பூ கிடைக்கும். தளிர் ஒடிசலா இருக்கும். கணுவுக்குக் கிட்டப் பிடிக்காம நடுவுல ரெண்டு விரலால தாங்கி மெதுவா வளைங்க.

தென்றல்
என் கேள்வி வாடல் நோய் பற்றி. காலையில் நன்றாக இருந்த கொடியில் மாலைக்குள் ஒரு தண்டு மட்டும் மொட்டோடு தொங்கிவிட்டது, இலை கறுக்கிறது. மற்ற தண்டுகள் நன்றாகவே இருக்கின்றன. தண்ணீர் கூட்டலாமா?

மண்வாசம்
கூட்டாதீர்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால் எல்லாத் தண்டும் சேர்ந்து துவளும், ஊற்றினால் சில மணியில் நிமிரும். ஒரு தண்டு மட்டும் தொங்கினால் முதலில் அந்தத் தண்டை அடிவரை விரலால் தடவிப் பாருங்கள். காற்றில் மடங்கியிருக்கலாம், தரையருகே ஓடில்லா நத்தை பட்டையைச் சுற்றிலும் சுரண்டியிருக்கலாம். இரண்டும் வாடல் போலவே தெரியும். உண்மையில் வாடல் நோய் என்று பதறும் பல சமயங்களில் காரணம் இவைதான்.

வாடல் நோய் கலோஃபோமா கிளெமாட்டிடினா என்ற பூஞ்சையால் வருவது. இலையில் புள்ளியாகத் தொடங்கி, இலைக்காம்பு வழியாகத் தண்டுக்கு இறங்கிக் கணுவைக் கறுக்க வைக்கும். அந்த இடத்துக்கு மேலே நீர் ஏறாது, அதனால்தான் பூக்கும் தறுவாயில் திடீரென்று சரிகிறது. தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே கறுப்புக் கறை தெரியும். கறை இல்லாத வெளிர்பச்சைத் திசு வரும் வரை கீழே இறங்கி வெட்ட வேண்டும், மண் மட்டத்துக்குக் கீழே போக வேண்டியிருந்தாலும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். வெட்டியதையும் உதிர்ந்த இலையையும் உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். இந்தப் பூஞ்சை வேரைக் கொல்வதில்லை. ஆழமாக நட்ட செடி அதே பருவத்திலோ அடுத்த வசந்தத்திலோ துளிர்க்கும், ஆகவே அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். வேரைக் கெடுப்பது வாடலைப் பார்த்துப் பயந்து ஊற்றும் தண்ணீர்தான்.

திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தில் விட்டிசெல்லா இனம் வைத்துப் பாருங்கள். பெரிய பூ ஒட்டினங்களைவிட அவை இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

தென்றல்
மிக்க நன்றி. அடியில் பட்டை சுரண்டியிருக்கிறது, நத்தைதான். இன்னொன்று: நெருங்கிய ஒருவர் இருக்கும் இடத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, ஆண்டு முழுக்க வெப்பம். மாடித் தொட்டியில் கிளெமாட்டிஸ் முயலலாமா?

மூடாக்கு
முதல் பிரிவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மொண்டானாவும் அல்பைனாவும் மலைச்செடிகள். குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும், வெப்பத்தில் ஆண்டுக்கு ஆண்டு இளைக்கும். முயல்வதாக இருந்தால் விட்டிசெல்லா, டெக்சென்சிஸ் வழி வந்தவற்றை முயலலாம், அவை சூட்டை ஓரளவு தாங்குபவை. அப்படியும் குளிர் நாட்டுப் படங்களில் பார்க்கும் அளவுக்குப் பூ எதிர்பார்க்கக் கூடாது.

தொட்டி 45 செ.மீ. ஆழமும் அகலமும், வெளிர் நிறம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வெயில் படும் பக்கத்து வேர் வெந்துவிடும். காலை வெயில் படட்டும், உச்சி வெயிலிலிருந்து நிழல் வேண்டும். மேலே 5 செ.மீ. மூடாக்கு, தண்டைச் சுற்றி நாலு விரல் விட்டு. 'தலை வெயிலில், கால் நிழலில்' என்று இந்தக் கொடிக்குச் சொல்வதன் பொருள் வேர் காயக்கூடாது என்பதுதான். ஈரம் நின்றால் நிழல் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். நிழல் இருந்தும் மண் காய்ந்தால் தாங்காது. சிலர் கல் பலகை வைப்பார்கள். தென்றலின் கொடியைச் சுரண்டிய நத்தை பகலில் தங்குவது அப்படிப்பட்ட பலகைக்கு அடியில்தான். மக்கிய இலையோ மரப்பட்டையோ மேல், அதையும் அடிக்கடி கிளறிப் பாருங்கள்.

ஆண்டிலேயே வெப்பம் குறைந்த மாதத்தில் 30 செ.மீ.க்கு வெட்டி, உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுக்கலாம். தானாக உறங்காத செடிக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

புதுநாற்று
உரம் எவ்வளவு? தழைச்சத்து அதிகமான உரம்தான் கையில் இருக்கிறது.

மூடாக்கு
அதைக் கொடுத்தால் இலைதான் வரும், தண்டும் சதையாகி நோய்க்கு இடம் கொடுக்கும். மொக்கு வீங்கும்போது தொழுவுரம் இரண்டு கை, தண்டில் படாமல். தளிர் சாண் உயரம் வந்ததிலிருந்து தக்காளிக்குக் கொடுக்கும் சாம்பல் சத்து மிகுந்த திரவ உரம், பாக்கெட்டில் சொன்ன அளவில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பூ மொட்டில் நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். பூக்கும்போது கொடுத்தால் பூ சீக்கிரம் முடிந்துவிடும். முதல் பூ முடிந்து வெட்டிய பின் மறுபடி தொடங்கலாம். நிலத்தில் உள்ள செடிக்கு மழை இல்லாத வாரம் 10 முதல் 15 லிட்டர், ஒரே தடவையாக, மெதுவாக ஊற்றவும். தினம் ஒரு குவளை ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும்.

முதல் பூக்கள் சில சமயம் பச்சை படிந்து விரியும். நோய் அல்ல. வசந்தத்தில் குளிரும் வெளிச்சக் குறைவும் நீடித்தால் அப்படி வரும், அடுத்தடுத்த பூ சரியான நிறத்தில் வரும். நெல்லி மோசரின் இளஞ்சிவப்பு வரி வெளுத்துப்போனால் காரணம் எதிர்மாறானது, வெயில் கூடுதல். அதை மதிய நிழலுக்கு மாற்றினால் வரி நிற்கும்.

கொடிவீடு
எல்லோருக்கும் நன்றி. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஊதாக் கொடியின் மேல்பகுதி காய்ந்திருக்கிறது, அடியில் தடித்த மொக்குகள். மூன்றாம் பிரிவேதான். வெட்டி எடுக்கும் நீளமான தண்டுகளைத் துண்டாக்கி நட்டால் வேர் பிடிக்குமா? வீணாக்க மனம் இல்லை.

பதியன்
அந்தக் காய்ந்த, முற்றிய தண்டு வேர் பிடிப்பது அரிது. கோடைத் தொடக்கத்தில், அந்தப் பருவத்திலேயே வளர்ந்து பாதி முற்றிய தண்டை எடுங்கள். நுனியின் மெல்லிய பகுதியும் வேண்டாம், அடியின் கட்டையும் வேண்டாம், நடுப்பகுதி. மற்றச் செடிகளில் கணுவுக்கு அடியில் வெட்டுவோம். இதில் இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்ட வேண்டும்: மேல் வெட்டு கணுவை ஒட்டி, கீழ் வெட்டு கணுவுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே. இரண்டு இலையில் ஒன்றை நறுக்கிவிடுங்கள், இரண்டும் இருந்தால் நீர் இழப்பு அதிகம். பாதி மணல், பாதி மக்கிய தென்னை நார்த்தூள். கணு மண் மட்டத்தில் அமரும்படி செருகி, ஈரப்பதம் போகாமல் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கவும். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். பத்துத் துண்டு வைத்தால் பாதிக்கு மேல் அழுகினாலும் சோர்ந்துவிடாதீர்கள், பெரிய பூ இனங்களில் இது சகஜம்.

இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பதியம் போடுங்கள். மொண்டானாவில் தரையருகே உயிருள்ள நீளத் தண்டு ஒன்றைத் தேர்ந்து, வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகக் கீறி, அந்தக் கணுவை மணல் கலந்த மண் உள்ள சிறு தொட்டியில் 5 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். வளைந்த கம்பியால் அழுத்திப் பிடித்து, மேலே கல் ஒன்று வையுங்கள். தொட்டி காயக்கூடாது. நுனியை ஒரு குச்சியில் நிமிர்த்திக் கட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே சமயத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் தாய்க்கொடிப் பக்கம் வெட்டிவிட்டு, ஒரு மாதம் அதே தொட்டியில் விட்டுப் பிறகு இடம் மாற்றுங்கள்.